நுண்துளைக்குள் எட்டிப் பார்க்க ஹீலியமா, செனானா?

ஏரோஜெல் (காற்று நிறைந்த லேசான திடப்பொருள்), ஜியோலைட் (நுண்துளைகள் கொண்ட கனிமம்), துளையுள்ள பீங்கான் போன்ற பொருள்களில் முக்கியமான இடமே காலி இடம்தான். அங்கே ஒரு வாயுவை அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் வாயுவில் அணுக்கள் குறைவு. அவற்றின் கருக்களும் குட்டிக் காந்தங்களாய்க் காந்தப்புலத்தில் பாதிக்குப் பாதி எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்யும். 10 லட்சத்தில் சில மட்டுமே மிஞ்சி சமிக்ஞை தரும். இதற்கு லேசர் கைகொடுக்கிறது. 795 நானோமீட்டர் ஒளி ருபீடியம் என்ற உலோகத்தின் ஆவியிலுள்ள எலக்ட்ரான்களை ஒரே திசையில் நிறுத்த, அந்த ஒழுங்கு மோதல்களின் வழியே ஹீலியம், செனான் போன்ற மந்த வாயுவின் கருவுக்குக் கைமாறுகிறது. சமிக்ஞை 10,000 மடங்குக்கு மேல் கூடிவிடும். இந்த முறையில் 1994இல் வெளியான முதல் படம் எலியின் நுரையீரல், வாயு செனான்.

வெறும் சமிக்ஞை பலம் என்றால் ஹீலியம்-3 ஜெயிக்கும். கருவின் அதிர்வெண் கூடினால் சமிக்ஞையும் கூடும்; ஒரு டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) புலத்தில் ஹீலியம்-3இன் அதிர்வெண் 32.4 மெகாஹெர்ட்ஸ், செனான்-129க்கு 11.8தான். ஹீலியம் ஏறக்குறைய 30 மடங்கு வேகமாகப் பரவவும் செய்யும். துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு தூரம் இணைந்திருக்கின்றன என்று பார்க்க இது வரம். நுணுக்கமான படம் வேண்டுமென்றால் இதே வேகம்தான் தொல்லை: அணு ஓரிடத்தில் நிற்காததால் படம் மங்கும்.

சரி, செனானிடம் என்ன இருக்கிறது? பெரிய, எளிதில் நசுங்கும் எலக்ட்ரான் மேகம். சுவரில் மோதும்போதெல்லாம் அது கலைவதால் கருவின் அதிர்வெண் நகர்கிறது. துளை சிறுத்தால் நகர்வு கூடும். அது 10 லட்சத்தில் சில பத்துப் பங்கில் தொடங்கி 200 பங்குக்கு மேலும் போகும். 1980களில் பிரான்சில் ஃப்ரேசார் குழு ஜியோலைட்டுகளில் இதை அளவுகோலாகவே மாற்றியது. ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களும் இறுக்கமாக இருப்பதால், அது அசைந்துகொடுக்காது. ஹீலியம் படம் வாயு எங்கே இருக்கிறது என்று காட்டும். செனான் படம் அது எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிடும். ஒட்டாவாவில் ரிப்மீஸ்டர் குழு பனித்தூள் மேல் செனான் ஹைட்ரேட் (பனிக்கூண்டுகளுக்குள் செனான் அடைபட்ட திடப்பொருள்) உருவாவதை இப்படித்தான் பார்த்தது. சமிக்ஞையின் நிறமாலையில், பனிக்கூண்டுகளில் சிறியதற்கு ஒரு கோடு, பெரியதற்கு வேறொரு கோடு. வளர்ச்சியை ஆரம்பக் கணத்திலிருந்தே தொடர முடிந்தது. எனக்கு இந்த முறையின் மேல் காதல் வந்ததே இதனால்தான்.

கிரிப்டான்-83ம் உண்டு. மேற்பரப்பை நன்றாக உணரும், ஆனால் ஒழுங்கைச் சீக்கிரம் இழந்துவிடும்.

இனி கிடைப்பது பற்றி. ஹீலியம்-3 டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சிதைவதால் வருவது. அமெரிக்காவில் 2001க்குப் பிறகு எல்லைகளில் வைத்த நியூட்ரான் உணர்விகள் அதை விழுங்க, 2009 வாக்கில் கடும் தட்டுப்பாடு. செனானைக் காற்றிலிருந்தே பிரிக்கலாம். அதில் 26 சதவீதம் நமக்கு வேண்டிய 129தான். அப்புறம், அதைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, காந்தப்புலத்தில் சில மணி நேரம் ஒழுங்கு கெடாமல் வைக்கவும் முடியும்.

என் ஓட்டு செனானுக்கு. அகன்ற துளைகளும் கையில் ஹீலியம்-3ம் இருந்தால் மட்டும் அதை எடுங்கள். பயன்படுத்தியதை மறக்காமல் மீட்டெடுங்கள். எதை எடுத்தாலும் மாதிரியிலுள்ள ஆக்சிஜனை முழுக்க வெளியேற்ற வேண்டும்; அது ஒழுங்கைக் கெடுக்கும். இரும்புக் கலப்புள்ள பொருளில் இரண்டுமே சீக்கிரம் ஒழுங்கை இழக்கும்.