சீல் கிட்டா, முழு யூனிட்டா: மினி எக்ஸ்கவேட்டரின் ஃபைனல் டிரைவ் மக்கர் செய்தால் எந்த வழி சரி?

டிராக்கைச் சுற்றும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் எண்ணெய் ஈரம் தெரிகிறது. அல்லது இரண்டு லீவரையும் ஒரே அளவு தள்ளியும் வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது. மினி எக்ஸ்கவேட்டர் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டில் ஒன்று என்றாவது வந்தே தீரும். பழுது டிராக்கைச் சுற்றவைக்கும் யூனிட்டான ஃபைனல் டிரைவில் என்றால் நாலு வழி இருக்கிறது. சீல் மட்டும் மாற்றலாம். உள்ளே பிரித்து, தேய்ந்த பாகங்களைப் போட்டுக் கட்டலாம். புது யூனிட்டை முழுசாக வாங்கி மாட்டலாம். அதிலும் ஒரிஜினலா, வேறு கம்பெனித் தயாரிப்பா என்ற கேள்வி உண்டு. கடைசியாக, வேறு வண்டியில் கழற்றிய பழைய யூனிட்டைப் போடலாம். பெரும்பாலானவர்கள் விலையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் எந்த அறை பழுதானது என்பதைக் கண்டுபிடியுங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

அறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஃபைனல் டிரைவ் என்பது ஒரே உடம்புக்குள் இரண்டு இயந்திரம். ஒரு பக்கம் ஹைட்ராலிக் ஆயிலில் ஓடும் பிஸ்டன் மோட்டார், இதைத்தான் டிராவல் மோட்டார் என்பார்கள். மறுபக்கம் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையாக மாற்றும் பிளானெட்டரி கியர், அதற்குத் தனியாகக் கியர் ஆயில். இரண்டுக்கும் நடுவே ஷாஃப்ட் சீல். சுற்றும் ஹப்புக்கும் சுற்றாத உடம்புக்கும் இடையே ஃப்ளோட்டிங் சீல். மண்ணை வெளியே நிறுத்துவதும் கியர் ஆயிலை உள்ளே நிறுத்துவதும் இதுதான்.

முதலில், குற்றவாளி இதுதானா?

ஒரு பக்கம் டிராக் மெதுவாகப் போனால் உடனே டிராவல் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டி, நல்ல யூனிட்டைக் கழற்றிப் போடுவது ரொம்ப சகஜமாக நடக்கிறது. பழுது பம்பிலோ, கன்ட்ரோல் வால்விலோ, மேல்பகுதி சுழன்றாலும் கீழே ஆயிலைக் கடத்தும், வண்டியின் நடுவில் இருக்கும் ஸ்விவல் ஜாயின்டிலோகூட இருக்கலாம். பல சின்ன வண்டிகளில் இடது டிராக்குக்கு ஒரு பம்ப், வலது டிராக்குக்கு ஒரு பம்ப். பம்ப் தளர்ந்திருந்தால் டிராக்கோடு சேர்த்து, தோண்டும் கையின் பாகங்களான பூம் அல்லது ஆர்ம் வேகமும் குறைந்திருக்கும். அதை முதலில் கவனியுங்கள்.

அப்புறம் ஹோஸ் மாற்றிப் பார்க்கும் சோதனை. எஞ்சினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை இறக்கி, ஆயில் ஆறிய பிறகு, வால்வில் இருந்து வரும் இடது, வலது டிராவல் ஹோஸ்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்ட வேண்டும். மெதுவான பக்கம் இப்போது எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டால் பழுது பம்பிலோ வால்விலோ. அதே பக்கம் நின்றால் ஸ்விவலும் மோட்டாரும் மிச்சம். ஸ்விவலுக்குக் கீழேயும் அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அப்போதும் பழுது நகராவிட்டால் மோட்டாரேதான். ஹோஸ் மாறியிருக்கும்போது இடது லீவர் வலது டிராக்கை ஓட்டும், அதனால் வண்டிப் பக்கத்தில் ஆளே நிற்கக் கூடாது. புது யூனிட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை.

பழுது இந்த யூனிட்டில்தான் என்று தெரிந்த பிறகு கியர் ஆயிலைப் பாருங்கள். ஒரு பிளக் நேர் கீழே வரும்படி டிராக்கை நகர்த்தி நிறுத்தி, அதைத் திறந்து சுத்தமான தட்டில் ஆயிலை இறக்குங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெளிச்சத்தில் மினுமினுத்தால் பேரிங்கோ கியரோ அரைபடுகிறது. கெட்டியாக இருக்க வேண்டிய ஆயில் நீர்த்து, அளவுக்கு மேல் கொட்டினால், ஷாஃப்ட் சீல் வழியாக ஹைட்ராலிக் ஆயில் கியர் அறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. அளவு குறைந்து, மிச்சம் இருப்பதும் சேறாக இருந்தால் ஃப்ளோட்டிங் சீல் போய்விட்டது. கையில் ஒட்டும் ஆயில் இத்தனையையும் சொல்லிவிடும்.

சீல் மட்டும் மாற்றுவது

மலிவான வழி. சரியான நேரத்தில் செய்தால் இதைவிட நல்ல வழி இல்லை. கசிவு தெரிந்த வாரத்திலேயே, கியர் ஆயிலில் உலோகத் துகள் இல்லாதபோது, ஹப்பில் ஆட்டம் இல்லாதபோது செய்தால் யூனிட் இன்னும் பல வருஷம் ஓடும். டிராக்கைத் தளர்த்திவிட்டுக் கடப்பாரையால் ஸ்ப்ராக்கெட்டை நெம்பிப் பாருங்கள். ஆடினால் மெயின் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஆடும் ஹப்பில் எந்தப் புது சீலும் நிற்காது.

ஃப்ளோட்டிங் சீல் என்பது ஒன்றின் மேல் ஒன்று உரசும் இரண்டு உலோக வளையங்கள், அவற்றைப் பின்னாலிருந்து அழுத்தும் இரண்டு ரப்பர் வளையங்கள். உலோக முகத்தில் மெல்லிசாக ஒரு பளபளப்பான பட்டை தெரியும். புதுசில் அது வெளி ஓரத்தில் இருக்கும், தேயத் தேய உள்நோக்கி நகரும். உள் ஓரத்தைத் தொட்டுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழசும் புதுசும் சேராது.

மாட்டுவதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. வழுக்கிக்கொண்டு உட்காரட்டும் என்று ரப்பர் வளையத்துக்கு ஆயிலோ கிரீஸோ தடவுகிறார்கள். கூடவே கூடாது. ரப்பரும் அது உட்காரும் சரிவும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் ரப்பர் பிடித்துக்கொள்ளும். வழுக்கினால் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து, சீக்கிரமே மறுபடி கசியும். ஆயில் தடவ வேண்டியது உலோக முகத்துக்கு மட்டும், அதுவும் மெல்லிய படலமாக. சுற்றிலும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே மூடுங்கள்.

ஷாஃப்ட் சீல் போயிருந்தால் வேலை இன்னும் கொஞ்சம் நீளும், ஏனென்றால் அது ஏன் போனது என்று பார்க்க வேண்டும். மோட்டாரில் இருந்து டேங்குக்குத் திரும்பும் கேஸ் டிரெய்ன் ஹோஸ் நசுங்கினாலோ, அதில் இருக்கும் ஃபில்டர் அடைத்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி ஷாஃப்ட் சீலைப் பிதுக்கும். அப்புறம் அதே அழுத்தம் கியர் அறையை நிரப்பி ஃப்ளோட்டிங் சீலையும் தள்ளிவிடும். ஃபில்டரைப் பார்க்காமல் சீல் மட்டும் போட்டால் அந்தச் செலவு வீண். எல்லா வண்டியிலும் இந்த ஃபில்டர் இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

உள்ளே பிரித்துக் கட்டுவது

கியர் அறைப் பழுதுக்கு இது நியாயமான வழி. சின்ன கியர்களின் ஊசி பேரிங், நடுக் கியரான சன் கியர், மெயின் பேரிங் ஆகியவை தனித்தனியாகக் கிடைத்தால், நல்ல மெக்கானிக் கட்டிக் கொடுத்துவிடுவார். ஹப்புக்குள் வெட்டப்பட்டிருக்கும் ரிங் கியரின் பற்கள் உடைந்திருந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மோட்டார் அறைக்கு இந்த வழியை நான் தயங்கித்தான் சொல்வேன். பிஸ்டன்கள், சிலிண்டர் பிளாக், வால்வ் பிளேட் எல்லாம் ஒன்றோடொன்று மிக நுணுக்கமான இடைவெளியில் ஓடுபவை. வால்வ் பிளேட்டில் லேசான கீறல் என்றால் தேய்த்துச் சமன் செய்யலாம். நகத்தால் தடவும்போது கீறல் தட்டுப்பட்டால் எதிர்முகமும் போயிருக்கும், அந்த உலோகத் துகள் பிஸ்டன்களையும் தொட்டிருக்கும். மூன்றையும் மாற்றும் செலவு பல சமயம் முழு யூனிட்டின் விலையை நெருங்கிவிடும். கூலி தனி.

புது யூனிட்: ஒரிஜினலா, மாற்றுத் தயாரிப்பா?

வண்டியின் பெயர் எதுவாக இருந்தாலும் ஃபைனல் டிரைவைச் செய்தவர் பெரும்பாலும் வேறு கம்பெனி. யூனிட்டின் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் நாச்சி, கேஒய்பி, நப்டெஸ்கோ போன்ற பெயர் இருக்கும். பழைய யூனிட்களில் டெய்ஜின் செய்கி என்று இருந்தால் திகைக்க வேண்டாம். 2003-ல் அது நாப்கோவோடு இணைந்துதான் நப்டெஸ்கோ ஆனது. அந்தத் தகட்டில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து விசாரித்தால், வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வரும் அதே யூனிட் வேறு வழியாகவும் கிடைக்கலாம். ஒரிஜினலுக்கும் மாற்றுத் தயாரிப்புக்கும் நடுவே இருக்கும் இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

மாற்றுத் தயாரிப்பு மோசம் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் போல்ட் துளைகள் பொருந்தினால் போதும் என்று நினைக்கக் கூடாது. மோட்டாரின் கொள்ளளவும் கியர் விகிதமும் மறுபக்கத்து யூனிட்டோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் புது யூனிட் போட்ட பிறகும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு வேகம் உள்ள மோட்டாரா, பிரேக் உள்ளே இருக்கிறதா, ஹோஸ் வாய்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை எல்லாம் வாங்கும் முன்னரே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய யூனிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவரைத் திறந்து கியரையும், பிளக்கைத் திறந்து ஆயிலையும் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். பார்த்தாலும் மோட்டார் அறை தெரியாது. வண்டியை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டி விற்கப் போகிறவருக்கு மட்டும் பொருந்தும் வழி.

எந்த வழி போனாலும்

ஸ்ப்ராக்கெட் பற்கள் கூர்மையாகவோ கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்தோ இருந்தால் இப்போதே மாற்றுங்கள், எப்படியும் அது கையில்தான் இருக்கிறது. தேய்ந்த ஸ்ப்ராக்கெட் ரப்பர் டிராக்குக்குள் இருக்கும் இரும்புத் துண்டுகளை அரித்துவிடும். போல்ட்களை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில்தான் முறுக்க வேண்டும்.

டிராக்கை இழுத்துக் கட்டினால் நல்லது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. தளர்ந்தால் டிராக் கழன்றுவிடும், உண்மை. ஆனால் அதிக இறுக்கம் ஓடும் நேரம் முழுக்க ஃபைனல் டிரைவ் பேரிங்கையும் ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிர்முனையில் இருக்கும் ஐட்லர் சக்கரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கெட்டை ஊன்றி அந்தப் பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நடு ரோலருக்கும் டிராக்குக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பல சின்ன ரப்பர் டிராக் வண்டிகளுக்கு 10 முதல் 15 மி.மீ. வரை சொல்வார்கள், உங்கள் மேனுவல் சொல்வதே இறுதி. தளர்த்தும்போது, டிராக் இறுக்கத்தைப் பிடித்திருக்கும் கிரீஸ் வால்வை மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், முகத்தை விலக்கிச் செய்யுங்கள். உள்ளிருக்கும் கிரீஸ் உடம்பைத் துளைக்கும் அழுத்தத்தில் இருக்கிறது.

புதுசோ, கட்டியதோ, யூனிட்டை மாட்டியதும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கேஸ் டிரெய்ன் வாய் வழியாக மோட்டாருக்குள் சுத்தமான ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றி நிரப்ப வேண்டும்; காய்ந்த மோட்டார் முதல் சில சுற்றிலேயே கீறிக்கொள்ளும். கியர் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல யூனிட்கள் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். அந்தப் பக்க டிராக் தரையைத் தொடாதபடி தூக்கி, குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் சுற்றவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் கியர் ஆயில் மாற்றத்தைச் சில தயாரிப்பாளர்கள் 50 மணி நேரத்திலும் சிலர் 100 மணி நேரத்திலும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு 500 அல்லது 1000 மணி நேரத்துக்கு ஒருமுறை. சேற்றிலும் தண்ணீரிலும் வேலை என்றால் அதற்கு முன்பே மாற்றிவிடலாம். சின்ன வண்டியில் ஒரு பக்கத்துக்குப் பிடிக்கும் கியர் ஆயில் மிகக் கொஞ்சம்தான்.