தடைக்காலத் தியானம்: போய் வந்தவள் சொல்வது

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் விசைப்படகெல்லாம் சும்மா நிற்கும் அந்த நாட்களில்தான் எங்களைப் போன்ற கத்தோலிக்க மீனவக் குடும்பங்களுக்குச் சில நாள் தங்கிச் செபிக்கும் தியானத்துக்குப் போக நேரம் வாய்க்கும். இந்த வருடம் நானும் வீட்டுக்காரரும் போனது தொண்டிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ஒரு தியான இல்லத்துக்கு. மூன்று நாள், தங்கல் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 750 ரூபாய். எங்கள் அன்பியத்தில் (பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் குழு) நிறையப் பேர் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதால் எழுதுகிறேன்.

இடம் சுத்தம். பெண்களுக்குத் தனிக் கூடம், பாய், தலையணை உண்டு. போர்வை நாம் கொண்டுபோக வேண்டும். காலையில் கஞ்சியும் துவையலும், மதியம் மீன் குழம்பு. குடிதண்ணீர் உப்புக் கரிக்கவில்லை, இந்தக் கரையில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாசலிலேயே கைபேசியை வாங்கிப் பெயர் ஒட்டிப் பூட்டிவிடுகிறார்கள்.

முதல் நாள் பேசியவர் வெளியூர்க்காரர். ஞாயிறு திருப்பலியை விடாதீர்கள், குடும்ப செபம் சொல்லுங்கள் என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் ராமேஸ்வரம் படகுகள் மீன்வளத்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கித் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். கோயில் மணி அடிக்கிற நேரத்தில் இங்கே மீன் இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கரையில் பேச வருகிறவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இரண்டாம் நாளுக்காகவே இந்தத் தியானத்துக்குப் போகலாம். பேசிய சிஸ்டர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். "கடவுளுக்குத் தர மனசில்லாம எதை வச்சிருக்கீங்க? ஒரு வரி எழுதுங்க. பேர் வேண்டாம், யார்கிட்டயும் காட்டவும் வேண்டாம்." அப்புறம் மாற்கு 10-ஆம் அதிகாரத்துப் பணக்காரரைப் பற்றிச் சொன்னார். கட்டளை எல்லாவற்றையும் கடைப்பிடித்தவர். ஆனால் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுக்க இயேசு சொன்னதும் வருத்தத்தோடு போய்விட்டார்.

அதோடு விடவில்லை. எங்கள் தொழிலையே எடுத்துப் பேசினார். திருவிழாவுக்கு ஐயாயிரம் எழுதுகிற கை, படகு வருமானத்தில் பங்கு பிரிக்கும்போது டீசல், ஐஸ் செலவைக் கூட்டி எழுதுகிறதா? இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்குத் தடை என்று தெரிந்தும் அதைப் படகில் ஏற்றுகிறோமா? சரியாகக் காயாத கருவாடு எடை கூடும் என்பதால் ஈரத்தோடு தராசில் வைக்கிறோமா? கருவாட்டு வியாபாரம் செய்கிற எனக்கு, அந்தத் தராசைக் கண்முன் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. கூடத்தில் ஒரு சத்தமில்லை. பின்னாலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "அப்ப நாங்க எப்படிப் பிழைக்கிறது சிஸ்டர்?" என்று கேட்டார். சிஸ்டர் உடனே பதில் சொல்லிச் சமாளிக்கவில்லை. "அதை இன்னைக்கே தீர்க்க முடியாதும்மா. முதல்ல உண்மையை எழுதுவோம்" என்றார். அதற்குப் பிறகு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை சாப்பாட்டு மணி அடித்தும் கலையவில்லை.

மூன்றாம் நாள் வேனில் ஓரியூர் திருத்தலம். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கதையை அங்கே வைத்துக் கேட்பது தனி. லிஸ்பனில் பிறந்தவர், போர்த்துக்கல் அரசவையில் வளர்ந்தவர். 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை பட்டார். பிறகு ஊருக்குப் போனபோது அரசர் அங்கேயே இருக்கச் சொல்லியும் திரும்பி வந்தார். மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டியிருந்தது. தேவரும் அதற்கு இணங்கினார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் மறவர் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுக்காரப் பெண். வினை அங்கே தொடங்கியது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அந்தப் பெண்கள் பட்ட பாட்டை யாரும் பேசுவதில்லை. எனக்கு அது மனசை அறுத்தது.

அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லும் அந்தச் செம்மண்ணை எல்லோரும் மடித்து எடுத்துக்கொண்டோம். இன்றைக்கு நம்மிடம் யாரும் தலையைக் கேட்கவில்லை. தராசையும் கணக்கு நோட்டையும்தான் கேட்கிறார்கள், அதுவும் தினமும். அதுதான் கஷ்டம் என்று எனக்குப் படுகிறது.

பெரிய குறை ஒன்று உண்டு. மூன்றாம் நாள் சாயங்காலம் கைபேசியைத் திருப்பித் தந்து அனுப்பிவிடுகிறார்கள், அதோடு சரி. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது? மாதம் ஒரு தடவை, போய் வந்தவர்கள் அந்தந்தக் கோயில் பங்கில் கூடுகிற மாதிரி இல்லத்தார் ஏற்பாடு செய்யலாம். சீசன் தொடங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

குணமளிக்கும் செபம், கைதட்டிப் பாடுவது இதையெல்லாம் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், பேசாமல் இருக்கும் நேரம் அதிகம். நான் அடுத்த தடைக்காலத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன், அந்த சிஸ்டர் வருகிறாரா என்று கேட்டுக்கொண்டுதான்.