பள்ளி வாசலில் நிற்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? நான்கு அமெரிக்க நகரங்கள், நான்கு ஏற்பாடுகள்

அமெரிக்க மாநகரங்களின் அரசுப் பள்ளிகளில் போலீஸ் இருக்க வேண்டுமா என்ற விவாதம், தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரு கட்சிகளின் சண்டையாகவே தெரியும். நகரம் நகரமாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஏற்பாட்டை வைத்திருப்பதும், அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பதும் புலப்படும். இவற்றை எடைபோட நான் முதலில் கேட்கும் கேள்வி, வாசலில் நிற்பவர் யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான்.

நியூயார்க்கில் அவர் நகரக் காவல்துறையின் ஆள். மேயர் ரூடி ஜூலியானி காலத்தில், 1998இல், பள்ளிப் பாதுகாப்புப் பணி கல்வி வாரியத்தின் கையிலிருந்து காவல்துறைக்குப் போனது. கொரோனாவுக்கு முன்பு ஏறத்தாழ 5,000 பேர் இந்தப் பணியில் முகவர்களாக இருந்தார்கள். அவர்களிடம் துப்பாக்கி கிடையாது. ஆனால் சீருடையும் கைவிலங்கும் கைதுசெய்யும் அதிகாரமும் உண்டு. சோதனைக் கருவி உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் விமான நிலையத்தில் நிற்பதுபோல வரிசையில் நின்று, பெல்ட்டைக் கழற்றி, பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துவிட்டுத்தான் முதல் வகுப்புக்குப் போக முடியும். ஆயுதத்தை வாசலிலேயே தடுக்க இதைவிடப் பழகிய கைகள் வேறு நகரத்தில் இல்லை என்றே சொல்லலாம். கோளாறு வாசலைத் தாண்டிய பிறகு வருகிறது. 2010இல் குயின்ஸ் பகுதியில் மேசைமேல் அழிக்கக்கூடிய மையால் கிறுக்கிய 12 வயதுச் சிறுமியைக் கைவிலங்கு மாட்டிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஈரத்துணியால் முடிந்திருக்க வேண்டிய விஷயம். தலைமையாசிரியருக்குக் கட்டுப்படாத ஒருவர் தாழ்வாரத்தில் நிற்கும்போது, எது ஒழுங்கீனம், எது குற்றம் என்ற முடிவும் கல்வித்துறையின் கையைவிட்டுப் போய்விடுகிறது. சிறு குற்றங்களுக்குக் கைதைக் குறைக்கும் உடன்பாடு 2019இல்தான் வந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் நிலைமை வேறு. அங்கே பள்ளி மாவட்டமே, அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பே, 1948 முதல் தனக்கென ஒரு காவல்துறையை நடத்திவருகிறது. அதிகாரிகளிடம் துப்பாக்கி உண்டு, ஆனால் சம்பளம் கொடுப்பதும் கணக்குக் கேட்பதும் கல்வி வாரியம். சொந்தக் காவல்துறை என்றால் மென்மையாக இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்: ராணுவத்தின் உபரிக் கிடங்கிலிருந்து வாங்கி வைத்திருந்த குண்டு ஏவும் கருவிகளை 2014இல்தான் அது திருப்பிக் கொடுத்தது. (பள்ளிக்கூடத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.) இருந்தாலும், வாரியம் நினைத்தால் திருத்த முடிந்தது. அதே ஆண்டில் கைகலப்பு, சில்லறைத் திருட்டு போன்றவற்றுக்கு வழக்குப் போடாமல் மாணவரை ஆலோசகரிடமோ நிர்வாகத்திடமோ அனுப்பும் விதி வந்தது. 2021 பிப்ரவரியில் 133 காவல் பணியிடங்களை நீக்கி, மிச்சமிருந்தோரை வளாகத்துக்கு வெளியே நிறுத்தி, அழைத்தால் மட்டும் வரும்படி செய்தது.

முழுவதுமாக விலக்கியவர்களில் மினியாபொலிஸ் முந்தியது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் அந்நகரப் போலீஸ் கையால் கொல்லப்பட்ட எட்டாம் நாளே அதன் கல்வி வாரியம் காவல்துறையுடனான ஒப்பந்தத்தை முறித்தது. ஆயினும் பாடம் கிடைப்பது டென்வரில். 2020 ஜூனில் அந்நகரமும் பள்ளிகளிலிருந்து போலீஸை விலக்க முடிவெடுத்தது. ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் 17 வயது மாணவர் ஒருவரைத் தினமும் ஆயுதம் இருக்கிறதா என்று உடல் தடவிச் சோதிக்க வேண்டும் என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் இருந்தது. அந்தச் சோதனையைச் செய்தவர்கள் பள்ளி நிர்வாகிகள். 2023 மார்ச் 22 அன்று சோதனையின்போது அந்த மாணவர் துப்பாக்கியை எடுத்து நிர்வாகிகள் இருவரைச் சுட்டார். இருவரும் உயிர் பிழைத்தார்கள். மூன்று மாதத்துக்குள், 4-3 என்ற வாக்குக் கணக்கில், போலீஸ் திரும்ப அனுமதிக்கப்பட்டது. ‘விலக்கியதால் வந்த வினை’ என்று இதைச் சொல்வோர் உண்டு. எனக்கோ, விலக்கியவர்கள் போலீஸ் செய்துவந்த ஒரு வேலையை ஆசிரியப் பணியில் இருப்போர் தலையில் கட்டிவிட்டதுதான் பிழையாகப் படுகிறது.

ஆய்வுகள் எந்தக் கட்சிக்கும் முழு வெற்றி தரவில்லை. நாடளாவிய தரவை வைத்து லூசி சோரன்சென் குழுவினர் செய்த ஆய்வின்படி, பள்ளியில் போலீஸ் இருப்பது அடிதடி போன்ற சில வன்முறைகளைக் குறைக்கிறது. துப்பாக்கிச் சூட்டைத் தடுப்பதில்லை. இடைநீக்கமும் கைதும் கூடுகின்றன, அதிலும் கறுப்பின மாணவர்களுக்கு மிகுதியாக. 2018இல் ஃபுளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்டில் நடந்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டில், ஆயுதமேந்திய அதிகாரி வளாகத்தில் இருந்தும் 17 பேர் மாண்டார்கள். தமிழில் ‘காவல்’ என்ற ஒரே சொல் பாதுகாப்பையும் சிறைவைப்பையும் குறிக்கும். இந்தக் கண்டுபிடிப்புகளைப் படிக்கையில் அந்த இரட்டைப் பொருள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

சிகாகோ நிதானமாக நடந்தது. பெற்றோரும் ஆசிரியரும் உள்ள உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களே முதலில் பள்ளி பள்ளியாக வாக்களித்தன. பல பள்ளிகள் தாமாகவே விலக்கிய பின்னர்தான், 2024 பிப்ரவரியில் வாரியம் எஞ்சிய அதிகாரிகளையும் நீக்கியது. அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே, சண்டையிட்டவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசித் தீர்க்கும் முறையை அங்கு பழக்கிவந்தார்கள். அதனால் மாணவர் கைதுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு கண்டது. பிட்ஸ்பர்கில் இதே போன்ற முயற்சியில் இடைநீக்கங்கள் குறைந்தன. ஆனால் நடுநிலை வகுப்புகளின் மதிப்பெண் சரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆளும் நேரமும் பயிற்சியும் கேட்கும் முறை இது. போலீஸை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் யாரையும் அமர்த்தாமல் விட்டால் நடக்காது.

இவற்றில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள் என்றால் நான் தயங்குவேன். ஆயுதச் சோதனைக்கு நியூயார்க்கின் பயிற்சி பெற்ற, துப்பாக்கியில்லாத முகவர்கள் வேண்டும். அவர்களை வேலை வாங்கும் அதிகாரம் லாஸ் ஏஞ்சலஸில் உள்ளதுபோலக் கல்வித்துறையிடம் இருக்க வேண்டும். ஆயுதமேந்திய போலீஸ் தெருவில் இருந்தால் போதும். இது வெறும் ஆசையும் அல்ல. 2020 கோடையில் நியூயார்க் நகரமே, முகவர்களைக் கல்வித்துறைக்கு மாற்றுவதென்று ஒப்புக்கொண்டிருந்தது. 2022இல், முன்னாள் போலீஸ் கேப்டனான மேயர் எரிக் ஆடம்ஸ் அதைக் கைவிட்டு, அவர்களைக் காவல்துறையிலேயே இருத்திக்கொண்டார்.