ஆப்பிளா, பேரிக்காயா, ஆரஞ்சா, குடைமிளகாயா? மழலைகளின் பழ அச்சுக்கு எது தோது

செப்டம்பர் பிறந்ததும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மழலையர் வகுப்புகளில், வெட்டிய பழத்தில் வண்ணம் தொட்டுத் தாளில் ஒற்றும் பழ அச்சு வேலை களைகட்டிவிடும். தோட்டங்களில் மெக்கின்டாஷ் ஆப்பிள் பறிக்கும் நேரம், வாசலில் மேப்பிள் இலை சிவக்கும் நேரம். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவள் நான். பழத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: பிள்ளை தானே பிடித்து, தானே அழுத்தி, தானே தூக்க முடிகிறதா? அச்சின் அழகெல்லாம் அதற்கு அப்புறம். நாம் கையைப் பிடித்து ஒற்றிய அச்சு சுவரில் எடுப்பாக இருக்கும். ஆனால் அதில் பிள்ளையின் வேலை என்று எதுவும் இருக்காது.

ஆப்பிளில் இருந்தே தொடங்கலாம். காம்பிலிருந்து அடிவரை நெடுக்காக வெட்டினால் எல்லோருக்கும் தெரிந்த ஆப்பிள் வடிவம் விழும். பெரும்பாலான வகுப்புகளில் இப்படித்தான் செய்கிறார்கள். நான் குறுக்கே வெட்டுவதன் கட்சி. குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். ஆப்பிள் பூவுக்கு இதழ் ஐந்து, சூலகத்துக்கு அறையும் ஐந்து. அந்த அறைகள்தான் பழத்துக்குள் விதைகளை வைத்துக்கொண்டு நிற்கின்றன. இதைப் பிள்ளைகளின் கண்ணெதிரே வெட்ட வேண்டும், முன்கூட்டியே வெட்டித் தட்டில் அடுக்கி வைத்தால் பாதி சுவை போய்விடும். இரண்டு பாதியையும் மெதுவாகப் பிரிக்கும்போது மேசையைச் சுற்றியிருக்கும் தலைகளெல்லாம் முன்னால் சாயும். "உள்ளே யாரு வெச்சது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்காகவே நான் குறுக்கு வெட்டை விடமாட்டேன்.

விதைகளைக் கரண்டி நுனியால் எடுத்துவிடுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும் வயது இது. அறை காலியாக இருந்தால் வண்ணம் ஒட்டாமல் நட்சத்திரம் வெள்ளையாக விழும் என்பது கூடுதல் லாபம்.

ஆப்பிளின் தொல்லை அதன் முதுகில்தான். உருண்டையான முதுகில் வண்ணம் பட்டுவிட்டால் மூன்று வயதுக் கைக்குள் நிற்காது, வழுக்கி ஓடும். சிலர் முள்கரண்டி குத்திக் கொடுக்கிறார்கள். அது சாய்ந்துகொண்டே இருக்கும், அச்சின் ஒரு ஓரம்தான் தாளில் படும். முதுகில் இரண்டு பக்கமும் சிறு துண்டு செதுக்கி எடுத்துவிட்டு நடுவில் ஒரு மேடு விட்டால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கச்சிதமாக உட்காரும். ரகமும் முக்கியம். மெக்கின்டாஷ் இந்த மண்ணின் பழம். 1811-இல் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி ஒன்ராறியோவின் டண்டெலாவில் கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது. சாப்பிட அருமை, ஆனால் சதை மென்மை. பலமாகக் குத்தும் பிள்ளையிடம் ஓரம் நசுங்கிவிடும். மெக்கின்டாஷையும் ரெட் டெலிஷியஸையும் கலந்து உருவாக்கிய எம்பயர் ரகம் இன்னும் கெட்டியாக நிற்கும்.

பேரிக்காயை மக்கள் ஏனோ ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பார்ட்லெட் ரகம் வாங்கினால் அப்படித்தான் தோன்றும். அது மஞ்சளாகப் பழுத்த பின் ஒரே அழுத்தில் கூழ். பழுப்பு நிறத் தோலும் நீண்ட கழுத்தும் கொண்ட பாஸ்க் ரகத்தை, கெட்டியாக இருக்கும்போதே வாங்கி, அகன்ற வயிற்றுப் பக்கத்தில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கழுத்தே கைப்பிடியாகிவிடும், செதுக்க வேண்டியதே இல்லை. இதிலும் ஐந்து அறை உண்டு, நட்சத்திரம் கொஞ்சம் சிறிதாக விழும். பிடிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஆப்பிளைவிட இதைத்தான் முதலில் நீட்டுவேன்.

ஆரஞ்சும் எலுமிச்சையும் படத்தில் பார்க்கும்போது மயக்கும். சக்கரம் போலச் சுளைகள் தெளிவாக விழுந்திருக்கும். நிஜத்தில் பெரும்பாடு பெரியவருக்குத்தான். வெட்டிய உடனே ஒற்றினால் சாறு வண்ணத்தில் கலந்து, தாளில் குட்டைதான் தேங்கும். முந்தின நாளே வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி காகிதத் துண்டின் மேல் கவிழ்த்துச் சாறு வடிய விட வேண்டும். பிறகு வண்ணத்தில் முக்காமல் தூரிகையால் மெல்லிசாகப் பூச வேண்டும், இல்லாவிட்டால் சுளைக் கோடுகள் அடைபட்டுவிடும். குளிர் தொடங்கிய பின் பிள்ளைகளின் விரல்களில் தோல் வெடித்திருக்கும், அதில் சாறு பட்டால் எரியும். ஒன்ராறியோவில் விளையாத பழம் வேறு. இலையுதிர்கால வேலைக்கு இதை நான் எடுப்பதில்லை.

கடையில் காய்கறி வரிசையில் இருந்தாலும் குடைமிளகாயும் வெண்டைக்காயும் தாவரவியல்படி பழங்களே. குடைமிளகாயைக் குறுக்கே வெட்டினால் காம்புள்ள பாதி அப்படியே பிடியோடு வந்துவிடும், மூன்று நான்கு புடைப்புள்ள பூ வடிவம் விழும். உள்ளே வெற்றிடம் என்பதால் அதிகம் அழுத்தத் தேவையில்லை. மூன்று வயதுக்காரர்களுக்கு இதற்கு நிகரில்லை. வெண்டைக்காய் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிய காய், குட்டிப் பூக்களாக விழும். ஆனால் விதை உதிர்ந்து வண்ணத் தட்டில் மிதக்கும், கண்வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தப் பழமானாலும் வண்ணத்தைத் தட்டில் ஊற்றி வைக்காதீர்கள். மடித்த காகிதத் துண்டிலோ பஞ்சிலோ தோய்த்து வைத்தால் அளவாக ஒட்டும். வெட்டிய முகத்தையும் முதலில் துடைத்துவிடுங்கள்.

சாப்பிடும் பொருளை வைத்து விளையாடலாமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். சோற்றைக் காலால் மிதிக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடிபட்ட, கீழே விழுந்த ஆப்பிள்களைத் தோட்டங்களில் மலிவாகக் கொடுப்பார்கள், அச்சுக்கு அவை போதும். நல்ல பழத்தை வெட்டினால் ஒரு பாதி வண்ணத்துக்கு, ஒரு பாதி வாய்க்கு. சாப்பிடும் பாதியை மெல்லிசாகச் சீவி, வண்ணம் வருவதற்கு முன்பே வேறு மேசையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளைகள் அதிகமென்றால் செப்டம்பரில் குடைமிளகாயில் தொடங்குங்கள், கை பழகியதும் பாஸ்க் பேரிக்காய். அக்டோபரின் இரண்டாம் திங்கள்கிழமை வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு முந்தைய வாரம் ஆப்பிளைக் குறுக்கே வெட்டலாம். தாள்களை உடனே தொங்கவிடாதீர்கள், வண்ணம் வழிந்துவிடும். படுக்கையாக வைத்தே காயவிடுங்கள்.