தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு துளசி மாலை: வாங்கலாமா?

கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும் 108 மணி துளசி மாலை, தினமும் ஒரு வாக்கியத்தை மனதில் பதிக்க அருமையான கருவி. விரலில் மாட்டும் எலக்ட்ரானிக் கவுண்டரை விட எனக்கு இதுதான் பிடிக்கும். கவுண்டரில் கை தவறி ரீசெட் பட்டனில் பட்டால் எண்ணிக்கை பூஜ்யம். எண்ணைப் பார்க்கக் கண்ணைத் திறக்கவும் வேண்டும்.

வாங்கும்போது மணிக்கு மணி முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சு இல்லாத மாலையில் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே தள்ளலில் இரண்டு போய்விடும். நூல் அறுந்தால் அத்தனையும் தரையில். 8 மி.மீ. மணி விரலுக்கு வாகு. நூல் முதலில் நைவது, சுற்று தொடங்கி முடியும் இடத்தில் இருக்கும் மேரு மணி அருகில்தான். ஈரம் படாமல் வையுங்கள்.

நான்கைந்து சொல் வாக்கியம் போதும். ஒன்றுக்கு 4 நொடி என்றால் ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம் ஆகும். காலையில் அவ்வளவு நேரம் கிடைக்காதவர்களுக்கு 27 மணி மாலையே நல்லது. இப்படித் தனக்குத்தானே சொல்லும் முறையைப் பரப்பிய பிரான்சின் மருந்தாளுநர் எமில் கூயே, எண்ணிக்கைக்காகத் தன்னிடம் வந்தவர்களுக்குச் சொன்னது 20 முடிச்சுப் போட்ட கயிறுதான்.

வாக்கியத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தன்மதிப்பு குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை இன்னும் மோசமானதை 2009இல் கனடாவில் நடந்த ஆய்வு காட்டியது. உள்ளம் நம்பாததைச் சொன்னால் மறுப்புதான் எழும். "இன்று பத்துப் பக்கம் படிப்பேன்" என்பது போல, செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். பதற்றமான நாளில் "நான்" என்பதற்குப் பதில் உங்கள் பெயரைச் சொல்லி, "குமார், ஒவ்வொன்றாகச் செய்" என்று பேசிப் பாருங்கள்.