கோர்ஃபுவில் மழை நாள்: அருங்காட்சியகமா, அக்கிலியோன் மாளிகையா?

அக்டோபர் கடைசி வாரத்தில் கிரேக்கத்தின் மேற்குக் கரையோரம் இருக்கிற கோர்ஃபு தீவில் ஐந்து நாள் இருந்தோம். அதில் மூன்று நாள் மழை. குறை சொல்ல முடியாது, ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற தீவு அது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் வந்து சேர்வது இந்த அயோனியன் கடற்கரைக்குத்தான். கிழக்கே ஏஜியன் கடலில் இருக்கிற சான்டோரினி, மிக்கோனோஸ் போன்ற தீவுகளுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

கடற்கரை, படகு எல்லாம் போனபின் மிச்சமிருந்தவை மூன்று. ஊருக்குள்ளேயே ஆசியக் கலை அருங்காட்சியகம். சற்றுத் தள்ளித் தொல்பொருள் அருங்காட்சியகம். பத்து கிலோமீட்டர் போல தெற்கே, காஸ்டூரி கிராமத்தில் அக்கிலியோன் மாளிகை. நாளுக்கு ஒன்றாக மூன்றையும் மழையில்தான் பார்த்தோம். மறுபடி போய், ஒரே ஒரு மழை நாள் வாய்த்தால் முதலாவதற்குத்தான் போவேன்.

அக்கிலியோன், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்துக்காக 1890களின் தொடக்கத்தில் கட்டியது. 1907இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதை வாங்கினார். நல்ல வெயிலில் அருமையான இடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி திறந்த வெளியில் இருக்கிறது: அடுக்குத் தோட்டம், குதிகாலில் தைத்த அம்பைப் பிடுங்கும் கிரேக்கப் புராண வீரன் அக்கிலீஸின் சிலை, கீழே விரியும் கடல். நாங்கள் போன அன்று கடல் இருந்த இடத்தில் வெள்ளையாக மேகம்தான் இருந்தது. பழுதுபார்ப்புக்காக மாளிகையின் உள்பகுதியை மூடிவைத்த காலமும் உண்டு என்பதால், கிளம்புமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு சிற்பத்துக்காகப் போகலாம். ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கத் தெய்வத்தின் கோயில் முகப்பில் இருந்த கோர்கன், அதாவது கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக்கூந்தல் அரக்கி, ஏறக்குறைய கி.மு. 580ஐச் சேர்ந்தது. அந்த முகப்பு சுமார் 17 மீட்டர் அகலம். நாக்கை நீட்டி, இடுப்பில் பாம்புகளை முடிந்துகொண்டு, இரண்டு பக்கமும் சிறுத்தைகளோடு ஓடுகிறாள். 1911இல் தோண்டி எடுத்தபோது அதே வில்ஹெல்ம் வந்து நின்று ஆர்வம் காட்டினாராம். ஒரு மணி நேரம் போதும். அப்புறம் வெளியே வந்தால் ஒதுங்க இடமில்லாத கடலோரச் சாலை.

இங்கேதான் எனக்கு முடிவு சொன்ன விஷயம் வருகிறது. நாங்கள் இருந்த நாட்களில் மழை நாள் முழுக்கப் பெய்யவில்லை. ஒரு பாட்டம் கொட்டும், அரை மணி வெறிக்கும், மறுபடி இருட்டிக்கொண்டு வரும். அந்த அரை மணியில் எங்கே இருக்கிறோம் என்பதுதான் கேள்வி. அக்கிலியோனில் மழை விட்டபோது, திரும்பும் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நின்றிருந்தோம். பேருந்து ஊருக்குள் நுழைந்தபோது அடுத்த பாட்டம் பிடித்துக்கொண்டது. கிடைத்த வெளிச்சமெல்லாம் பயணத்திலேயே போயிற்று.

ஆசியக் கலை அருங்காட்சியகம் இருப்பதோ ஸ்பியனாடா மைதானத்தின் வடக்கு ஓரத்தில். பிரிட்டிஷ் ஆட்சியில் 1819இல் கட்டத் தொடங்கிய புனித மிக்கேல், புனித ஜார்ஜ் அரண்மனை அது. வெளியே தூண்கள் வரிசையாக நிற்கும் நடை, அங்கேயே சாரல் படாமல் நிற்கலாம். மழை விட்டால் சில நிமிடத்தில், காபிக் கடைகள் இருக்கும் லிஸ்டன் கட்டடத்தின் வளைவுகளுக்கு அடியில் காபி. அதற்குப் பின்னால் சந்துக்குள் நுழைந்தால் புனித ஸ்பிரிடோன் தேவாலயம். மறுபடி பெய்கிறதா, பக்கத்திலேயே இன்னொரு கூரை. மூட்டு வலிக்கார அம்மாவை அழைத்துப்போன எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

உள்ளே இருப்பதும் சாதாரணமானதல்ல. கிரிகோரியோஸ் மானோஸ் என்ற கிரேக்கத் தூதர் சேர்த்துக் கொடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீன, ஜப்பானியப் பொருள்களில் தொடங்கிய சேகரிப்பு. ஜப்பானிய ஓவியர் ஷராகு கையால் வரைந்த விசிறி ஓவியம் ஒன்றை 2008இல் இங்கேதான் அடையாளம் கண்டார்கள். பிற்காலத்தில் இந்தியப் பொருள்களும், கிரேக்கப் பாணி கலந்த காந்தாரச் சிற்பங்களும் வந்து சேர்ந்தன. கிரேக்கச் சிலைகளில் பார்க்கிற அதே துணி மடிப்பு புத்தர் மேல் விழுந்திருப்பதை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சேலைக் கொசுவம் மாதிரி இருக்குப்பா" என்றார். கிரேக்க மண்ணிலேயே நின்று அதைப் பார்த்தது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதே முடிவு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், எங்களோடு குழந்தைகள் இல்லை. பக்கத்தில் இருக்கும் பணத்தாள் அருங்காட்சியகத்துக்கும் நேரம் கிடைக்கவில்லை. நவம்பர், டிசம்பரில் மழை இன்னும் அதிகம். நாள் பூராவும் விடாமல் பெய்தால் இடைவெளிக் கணக்கெல்லாம் அவ்வளவாக உதவாது, அப்போது கோர்கனைப் பார்க்க ஒரு டாக்ஸி பிடித்துப் போய்வருவதும் சரிதான்.

எதற்குப் போனாலும் எந்தக் கிழமை விடுமுறை என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பழைய நகரத்துத் தெருக்களில் பாவிய கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும், நனைந்தால் வழுக்கும். லிஸ்டனுக்கு முன்னால் அம்மாவின் கையை நான் விடவே இல்லை.