முறுக்கு டப்பாவில் ஒரு லென்ஸ்: குன்னூரில் ஏழு வருடக் குடும்பப் படங்கள்

2018 மார்ச்சில் வாங்கியது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றுகிற கேமரா) ஒன்று, கூடவே தனியாக ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். அப்போது இந்த ரகத்தில் எல்லா நிறுவனங்களிடமும் கிட்டத்தட்ட இதே ஜோடிதான் இருந்தது. நான் சொல்லப்போகும் நல்லது கெட்டது எல்லாம் அந்த ஜோடிக்கே பொதுவானது. அப்போது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு எட்டு மாதம். குடியிருப்பது குன்னூரில். இத்தனை வருடத்தில் வீட்டு ஆட்களைத் தவிர வேறு எதையும் இதில் பெரிதாக எடுத்ததில்லை. மலைரயிலை எடுத்திருக்கிறேன், அதுவும் ஜன்னலில் எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததால்தான்.

கேமராவோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ் முதல் வருடமே அலமாரிக்குப் போய்விட்டது. வெளிச்சம் பற்றவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டில் மதியம் மூன்று மணிக்கே லைட் போட வேண்டியிருக்கும். எஃப் எண் சின்னதாக ஆக ஆக லென்ஸ் அகலமாகத் திறக்கும். அந்த லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஓடியாடும் பிள்ளையை ஃபிளாஷ் போடாமல் வீட்டுக்குள் எடுக்க வேண்டுமானால் வேறு வழியில்லை. ஃபிளாஷ் போட்டால் மகன் அழுவான், முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வரும்.

பெரிய குறையை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னுடையது மாதிரி சின்ன சென்சார் (படம் பதிகிற சில்லு) உள்ள கேமராவில் 50 எம்எம் என்பது 75, 80 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும், அதாவது காட்சி குறுகிவிடும். எங்கள் முன்னறை பத்தடி. எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் படத்துக்குள் வருவது நாலடி அகலம்தான். சோபாவில் நாலு பேர் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு காதுதான் மிஞ்சும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போதெல்லாம் நான் சமையலறை வாசற்படியில்தான் நிற்பேன். விருந்துக்கு வந்தவர்கள் "ஏன் அங்கயே நிக்கறீங்க, உள்ள வாங்க" என்று என் வீட்டுக்குள் என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

தள்ளி நிற்பதில் ஒரு வசதியும் இருப்பது பிறகுதான் தெரிந்தது. போனை முகத்துக்கு நேரே நீட்டினால் பிள்ளைகள் உடனே இரண்டு விரலை விரிப்பார்கள். எட்டடி தள்ளிக் கதவோரமாக, ஏதோ வேலையாக நிற்பவள் போல நின்றால், பத்து நிமிடத்தில் என்னை மறந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த படம் அப்படி வந்ததுதான். 2019 நவம்பர். நாலு நாளாக விடாத மழை, துணி எதுவும் காயவில்லை. காலை ஆறரைக்கு வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து ஈர சாக்ஸை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருக்கிறார், ஆவி எழும்புகிறது. மகள் ஸ்வெட்டரை உள்ளே வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டு, தேய்த்து முடித்த இன்னொரு சாக்ஸைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200, எஃப் 2, ஷட்டர் 1/125 விநாடி. உணர்திறனை அவ்வளவு ஏற்றியதால் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

எஃப் 1.8 என்று எழுதியிருக்கிறதே என்று எப்போதும் 1.8-லேயே எடுப்பது புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. நானும் ஒரு வருடம் செய்தேன். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். தனியாக ஒரு குழந்தை முகத்துக்கு அது போதும். அப்பா மடியில் குழந்தை என்றால் இரண்டு முகங்களுக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி இருக்கும். அந்த வருடத்துப் படங்களில் மகனின் இமை முடியை எண்ணிவிடலாம், அவன் அப்பா முகம் மட்டும் அல்வா. இப்போது இரண்டு பேர் என்றால் இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் எஃப் 4 வைக்கிறேன். ஆழம் ஒன்றேகால் அடி கிடைக்கும். பின்னணி அப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். இன்னொன்று, முட்டி போட வேண்டும். நின்றபடி எடுத்தால் பிள்ளைகளின் உச்சந்தலைதான் கிடைக்கும். ஏழு வருடத்தில் லென்ஸை விட என் முட்டிதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

மூடுபனி இறங்கினால் சுற்றுலா வந்தவர்கள் கேமராவைப் பைக்குள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அப்போதுதான் வெளியே எடுப்போம். உச்சி வெயிலில் கண்குழியில் நிழல் விழும், பிள்ளைகள் கண்ணைச் சுருக்குவார்கள். மூடுபனியில் நிழலே இல்லை, எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் முகம் நன்றாக வரும். ஆனால் சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். கெட்டி மூடுபனியில் ஆட்டோஃபோகஸும் தடுமாறும். பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கோடு போட்ட ஸ்வெட்டர் போட்டுவிட்டு அந்தக் கோட்டில் ஃபோகஸ் வைத்தால் டக்கென்று பிடிக்கும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் எடுப்பதென்றால் அங்கே இருக்கிற சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தமான இடம்தான். அப்புறம் சுற்றிலும் பாருங்கள். 2022-இல் ஒரு சாயங்காலம் வ்யூஃபைண்டர் வழியாக அப்பாவையும் மகனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மங்கலாக ஒரு கறுப்புப் பாறை. பாறை நகர்ந்தது. காட்டுமாடு! பின்னணி மங்குவது அழகுதான், ஆனால் எங்கள் ஊரில் பின்னணியில் நிற்பது யார் என்று தெரிந்துகொண்டு மங்கலாக்குவது நல்லது.

இனி பூஞ்சைக் கதை. 2020-இல் மழைக்காலம் முழுக்கக் கேமரா பை மர அலமாரியில் கிடந்தது. தை மாதம் எடுத்துப் பார்த்தால் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் சிலந்திக் கூடு மாதிரி கிளை கிளையாக இழைகள். கோயம்புத்தூரில் பிரித்துச் சுத்தம் செய்ய 900 ரூபாய். "மலையிலிருந்து வர்ற லென்ஸ் பாதி இதுக்குத்தானுங்க வருது" என்றார் பழுது பார்த்தவர். காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் 85 காட்டும். ஈரத்தைக் குறைத்து வைக்கிற ட்ரை கேபினெட் பெட்டி நல்லதுதான், ஆனால் அதன் விலையில் இன்னொரு லென்ஸே வாங்கலாம்.

என் ஏற்பாடு, காற்றுப் புகாத முறுக்கு டப்பா. குன்னூரில் முறுக்கு எவ்வளவு சீக்கிரம் நமுத்துப்போகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்காக வாங்கின நல்ல ரப்பர் வளையம் உள்ள டப்பா வீட்டில் இருந்தது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும் ஒரு சின்ன ஈரப்பதமானியும். 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஜெல்லின் ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்துப் பச்சையானால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து, நிறம் திரும்பியதும் மறுபடி உள்ளே. சமையலுக்குப் புழங்காத வாணலியாக இருக்கட்டும். பச்சரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், மாவுத்தூசிதான் மிச்சம். நாலு வருடமாகப் பூஞ்சை திரும்பவில்லை.

இன்னொரு ஈரத் தொல்லை கீழே இறங்கும்போது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். குளிர்ந்த கேமராவை மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் காரமடையில் அத்தை வீட்டு முற்றத்தில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். இங்கிருந்து கிளம்பும்போதே ஜிப் வைத்த கவரில் மூடி, அங்கே போய் முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் தொல்லையில்லை.

நடுவில் ஒரு தடவை ஸ்டுடியோக்காரர்களைக் கூப்பிட்டு, 12,000 ரூபாய்க்குப் பூங்காவில் குடும்பப் படம் எடுத்தோம். ஒரே நிறத்தில் சட்டை போடச் சொன்னார்கள். "சார், பாப்பாவைத் தூக்கிப் போட்டுப் பிடிங்க" என்று ஏழு தடவை தூக்கிப் போட வைத்தார்கள். வந்த ஆல்பத்தில் எல்லாரையும் வெளுத்திருந்தார்கள். மகள் தன் படத்தையே காட்டி "இது யாரும்மா?" என்றாள். வேலை தெரியாதவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு இரண்டு மணி நேரம், எனக்கு ஏழு வருடம்.

அத்தை கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். "என்னை எதுக்குக் கண்ணு எடுக்கற, புள்ளைங்கள எடு" என்பார். அதனால் பிள்ளைகளை எடுக்கிற சாக்கில்தான் அவரை எடுத்திருக்கிறேன். 2024-இல் தவறிப்போனார். மாலை போட ஒரு படம் தேடியபோது நேராகப் பார்க்கிற முகம் ஆதார் அட்டையில்தான் இருந்தது, யாருக்கும் அதை வைக்க மனம் வரவில்லை. முந்தின வருடம் எடுத்த ஒன்று கிடைத்தது. மகன் விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறான், அத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து, வைரம் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மாலை போடுகிற படத்தில் உயிரோடு இருக்கிற குழந்தையின் கை இருக்கக் கூடாதாம். சரி என்று கையை வெட்டிவிட்டுத்தான் சட்டம் போட்டோம். இப்போது வருகிறவர்கள் எல்லாம் அத்தை எதைக் குனிந்து பார்க்கிறார் என்று கேட்கிறார்கள். வெட்டாத படம் பிள்ளைகள் அறையில் மாலை இல்லாமல் இருக்கிறது.

சட்டம் போடுவதிலும் எங்கள் ஊருக்கு ஒரு கவனம் வேண்டும். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். மூன்று படங்கள் அப்படிப் போயின. நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். போன படங்கள் என்றால் இன்னொன்று, 2021-இல் எடுத்த படங்கள் முழுக்க ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தன, அது நின்றுவிட்டது. இப்போது இரண்டு டிஸ்க், ஒன்று காரமடையில்.

நான் இருக்கிற படங்கள் குறைவு. வீட்டுக்காரரிடம் கேமராவைக் கொடுத்தால் எனக்குப் பின்னால் இருக்கிற மரம் மிகத் தெளிவாக வரும். டைமர் போட்டு அரிசிப் பைமேல் கேமராவை வைத்து, பத்து விநாடிக்குள் ஓடிப்போய் உட்கார்ந்து எடுத்தவை சில உண்டு. எல்லாவற்றிலும் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். போன வருடத்திலிருந்து மகளே எடுக்கிறாள். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு மணி நேரத்தில் அப்பாவைத் தாண்டிவிட்டாள்.

போன் போதாதா என்று கேட்டால், வீடியோவுக்கும் வெயில் நேரத்துக்கும் போதும். சுருட்டை முடி உள்ள பிள்ளை என்றால் போனின் போர்ட்ரெய்ட் மோட் முடி ஓரத்தை அரித்துவிடுகிறது, அசைந்தால் கை இரண்டாகிறது. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற புது மிரர்லெஸ் கேமராக்களைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு வருடத்தில் ஷட்டர் 40,000 தடவைதான் ஓடியிருக்கிறது, பேட்டரி ஒன்று மாற்றினேன், பிடியில் ரப்பர் லேசாகக் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் கேமரா இதேதான். பழைய 35 எம்எம் லென்ஸ் ஒன்று மட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் முன்னறையில் ஐந்தரை அடிக்கு மேல் அகலம் கிடைக்கும், சோபா ஓரத்தில் உட்காருபவருக்கும் இரண்டு காதும் இருக்கும்.